கற்கும் கைக்கும் கூலி உண்டு

மருத்துவம் என்பது ஒருவரால் மட்டும் நடைபெறுவதன்று. நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, நோயாளியின் அருகிருந்து பணிவிடை செய்பவர் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என வள்ளுவப் பெருந்தகை வகுத்துச் சென்றார். இவற்றுள் முதல் மூன்றையும் நாம் நன்கறிவோம். மருத்துவரின் பெயரை விசாரித்துச் செல்கிறோம். மருந்தின் விலையைக் குறித்து முறையிடுகிறோம். நோயாளியைக் காணப் பழங்களுடன் போகிறோம். நான்காமவரை மட்டும் நாம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. "ஆயா" என்றும் "வார்டு பாய்" என்றும் அழைக்கிறோம். அவருக்கென ஒரு பெயர் இருக்கும் என்பதையே மறந்துவிடுகிறோம்.

இத்திங்கள் அந்த நான்காமவரைப் பற்றி நாம் சிந்திப்போம். அவர் தம் பணியை எங்கே கற்கிறார்? கற்கும் காலத்தில் எதைக் கொண்டு உண்கிறார்? இவ்விரண்டு கேள்விகளும் நம் குடும்பங்கள் பலவற்றைத் தொடுகின்றன. பத்தாம் வகுப்போடும் பன்னிரண்டாம் வகுப்போடும் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் நம் இல்லங்களில் உண்டு. நோயுற்றுப் படுக்கையில் கிடக்கும் முதியோரும் உண்டு. முன்னவரின் பிழைப்பும் பின்னவரின் உயிரும் இக்கேள்விகளில் அடங்கியுள்ளன.

மருத்துவமனை உதவியாளரின் பணி எளியது, எவரும் செய்யக்கூடியது என்று எண்ணுவோர் பலர். அது தவறு. எழுந்து நடமாட இயலாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது மருத்துவமனைகளின் நெடுநாள் வழக்கம். அது தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, தோல் கன்றி, படுக்கைப் புண் தோன்றும். பக்கவாதம் கண்டவருக்குத் தலையை உயர்த்தி வைக்காமல் கஞ்சி புகட்டினால், அது மூச்சுக் குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். ஒரு நோயாளியைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்தவரைத் தொட்டால், நோய் கட்டிலுக்குக் கட்டில் பயணம் செய்யும். குப்பையை எடுப்பதற்குங்கூடக் கல்வி வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள், இரத்தம் தோய்ந்த கட்டுத் துணிகளுக்கு மஞ்சள், பிளாஸ்டிக் குழாய்களுக்குச் சிவப்பு, ஊசிகளுக்கு வெள்ளை, கண்ணாடிப் புட்டிகளுக்கு நீலம் என நான்கு நிறங்களை வகுத்துள்ளன. ஊசி தவறான பையில் விழுந்தால், அதைத் தூக்கும் ஏழையின் விரலில் அது ஏறும்.

இத்தனை பொறுப்பையும் ஏற்பவர்களுள் பலர் எங்ஙனம் கற்றார்கள்? முன்னே இருந்தவரைப் பார்த்துக் கற்றார்கள். முன்னவரோ தமக்கு முன்னிருந்தவரைப் பார்த்துக் கற்றவர். நல்லதைப் பார்த்தவர் நல்லதைக் கற்றார். பிழையைப் பார்த்தவர் பிழையைக் கற்றார். இம்முறையில் கைப்பழக்கம் உண்டாகலாம்; ஏன் அவ்வாறு செய்கிறோம் என்னும் அறிவு உண்டாவதில்லை.

ஆகவே முறையான பயிற்சி வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஐயம் எழுவது அடுத்த படியில்தான். அப்பயிற்சிக்கு யார் பொருள் தருவது?

ஒரு கூலிக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தந்தை கட்டட வேலைக்குச் செல்கிறார். தாய் நாற்று நடுகிறாள். பத்தாம் வகுப்புத் தேறிய மகள் ஜவுளிக் கடையில் நின்று மாதச் சம்பளம் கொண்டு வருகிறாள். அவள் ஒரு தனியார் நிலையத்தில் கட்டணம் செலுத்தி ஓராண்டு பயில வேண்டுமாயின், அக்குடும்பத்திற்குச் செலவு கட்டணம் மட்டுமன்று. கடையில் கிடைத்து வந்த பன்னிரண்டு மாதச் சம்பளமும் போயிற்று. பேருந்துக்கும் சீருடைக்கும் புதிதாகப் பணம் வேண்டும். இவற்றுக்காக வட்டிக்குக் கடன் வாங்கினால், படிப்பு முடிந்து பெறும் முதற் சம்பளம் கடன்காரருக்கே போய்ச் சேரும். எனவே பயிற்சி இலவசம் என்று சொன்னாலும் ஏழைக்கு அது இலவசமாகாது. கற்கும் காலத்தில் கையில் ஏதேனும் ஊதியம் கிடைத்தால்தான் அந்தக் கதவு அவளுக்குத் திறக்கும்.

இவ்வுண்மையை உலகம் இன்று நேற்றுக் கண்டதன்று. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரை அறியாதார் இலர். கிரிமியப் போரில் அவர் ஆற்றிய தொண்டைப் போற்றி மக்கள் திரட்டிக் கொடுத்த ஏறத்தாழ 45,000 பவுன் நிதியைக் கொண்டு, 1860-ஆம் ஆண்டில் இலண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. முதலில் சேர்ந்த பெண்கள் பதினைவர். ஓராண்டுப் பயிற்சி. அவ்வோராண்டுக்கும் உணவும் உறைவிடமும் சீருடையும் தந்ததோடு, கைச்செலவுக்கென ஆளுக்குப் 10 பவுனும் அந்நிதியிலிருந்து கொடுத்தார்கள். பொருள் இல்லை என்ற காரணத்தால் தகுதியுள்ள பெண் எவளும் திரும்பிப் போகலாகாது என்பதே இவ்வேற்பாட்டின் பயன்.

ஆனால் அதே பள்ளியின் வரலாறு நமக்கு இன்னொரு பாடத்தையும் கற்பிக்கிறது. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1872 வாக்கில், அம்மையார் அப்பள்ளியின் உள்நிலையை ஆராய்ந்தார். பாடம் சொல்ல வேண்டிய மருத்துவ அலுவலர் நெடுங்காலமாகச் சரிவரப் பாடம் சொல்லவில்லை. பயிற்சிக்கு வந்த பெண்கள் வார்டு வேலையிலேயே நாள் முழுவதும் உழன்றார்கள். உணவும் பணமும் கிடைத்தன. கல்வி மட்டும் கிடைக்கவில்லை. இதனைக் கண்டறிந்தபின் வேறொரு மருத்துவர் அமர்த்தப்பட்டு, விரிவுரைகள் ஒழுங்குபடுத்தப்பட்டன. உலகமே போற்றிய ஒரு பள்ளியிலேயே இது நேர்ந்தது என்றால், பிற இடங்களில் நேராதென்று யார் உறுதி கூற இயலும்?

ஆகவே இடர்கள் இரண்டு. ஊதியமில்லாப் பயிற்சி ஏழையை வாயிலிலேயே நிறுத்திவிடும். பயிற்சியில்லா ஊதியமோ ஏழையை உள்ளே அழைத்து, மலிவான கூலியாளாக்கிவிடும். அதன் தீங்கை நோயாளியும் சேர்ந்து அனுபவிப்பார். இவ்விரண்டுக்கும் நடுவே நேர்வழி ஒன்றை வகுப்பதே சட்டத்தின் கடமை.

அவ்வாறு வகுத்த சட்டம் ஒன்றை அமெரிக்க நாட்டில் காண்கிறோம். அங்கே முதியோர் மருத்துவ இல்லங்களில் நோயாளிகளைக் கட்டிலோடு கட்டி வைத்தல் முதலிய கொடுமைகள் மலிந்திருந்தன. 1986-இல் அந்நாட்டு மருத்துவ ஆய்வுக் கழகம் ஒன்று இந்நிலையை விரிவாக எடுத்துரைத்தது. மறு ஆண்டு, 1987-இல், நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின்படி முதியோர் இல்ல உதவியாளர் ஒவ்வொருவரும் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி பெற்றுத் தேர்ச்சி அடைய வேண்டும். இது நாடு முழுவதற்குமான அடித்தளம். கலிபோர்னியா மாநிலம் 160 மணி நேரம் கேட்கிறது.

அந்த 75 மணி நேரத்தில் முதல் 16 மணி நேரம் நோயாளியைத் தொடுவதற்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்நேரத்தில் கற்பிக்க வேண்டியவை ஐந்து: பிறரோடு பேசிப் பழகும் முறை, நோய்த்தொற்றைத் தடுத்தல், ஆபத்து வேளையில் செய்ய வேண்டுவன, முதியோர் தம் காரியத்தைத் தாமே செய்துகொள்ள ஊக்குவித்தல், அவர்தம் உரிமைகளை மதித்தல். படுக்கை விரிப்பதையும் உடல் துடைப்பதையும் அதன் பின்னரே கற்கிறார்கள். முதியவர் ஒரு பொருள் அல்லர், மனிதர் என்பதை முதலில் கற்பித்து, கைவேலையைப் பிறகு கற்பிக்கும் இம்முறையை நாம் எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

பணத்தைப் பற்றியும் அச்சட்டம் தெளிவாகப் பேசுகிறது. ஓர் இல்லத்தில் பணியில் அமர்ந்தவரிடமோ, பணி தருவதாக வாக்களிக்கப்பட்டவரிடமோ பயிற்சிக் கட்டணம் வாங்கலாகாது, புத்தகத்திற்குங்கூட வாங்கலாகாது. தம் சொந்தப் பணத்தில் பயின்றவர் பன்னிரண்டு மாதங்களுக்குள் ஏதேனும் ஓர் இல்லத்தில் பணியேற்றால், செலவிட்ட தொகை அவருக்குத் திரும்பக் கிடைக்க வழி செய்யப்பட்டுள்ளது. இல்லங்கள் பல, பயிற்சி நாட்களிலேயே மணிக்கூலியும் தருகின்றன. அதே வேளையில், தாம் கற்றுத் தேறாத எந்த வேலையையும் பயிற்சி பெறுபவர் நோயாளிக்குச் செய்யலாகாது என்றும், தகுதி பெற்ற செவிலியரின் மேற்பார்வையில்தான் அவர் பணியாற்ற வேண்டும் என்றும் கட்டளை உண்டு. ஊதியத்தையும் கல்வியையும் ஒரே கயிற்றில் முறுக்கிவிட்டார்கள். ஒன்றை அறுத்து மற்றொன்றைத் தனியே இழுக்க இயலாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. 1961-ஆம் ஆண்டிலேயே தொழில் பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. தொழில் பழகுபவருக்கு உதவித்தொகை கொடுத்தே தீரவேண்டும் என்று அது விதிக்கிறது. நெடுங்காலம் அச்சட்டம் ஆலைகளுக்கும் பணிமனைகளுக்குமே உரியதுபோல் இருந்து வந்தது. பிட்டர், டர்னர், வெல்டர் ஆகிய பெயர்களே நம் நினைவுக்கு வந்தன. 2014-இல் செய்யப்பட்ட திருத்தம், விருப்பத் தொழில்கள் என்ற புதிய பிரிவைச் சேர்த்து வாயிலை அகலமாகத் திறந்தது. அதன் வழியே மருத்துவமனைப் பொது உதவியாளர் முதலிய பணிகளையும் தொழில் பழகுநர் முறையில் கற்பிக்க இடம் ஏற்பட்டது.

2016-இல் தேசிய தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன்படி, உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் ரூ.1,500 என்னும் உச்ச வரம்புக்கு உட்பட்டு, மத்திய அரசு ஏற்றது. 2019-இல் திருத்தப்பட்ட விதிகள், குறைந்தபட்ச உதவித்தொகையைக் கல்வித் தகுதிக்கு ஏற்ப மாதம் ரூ.5,000 முதல் ரூ.9,000 வரை என வகுத்தன. பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு ரூ.6,000, பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவருக்கு ரூ.7,000. இத்தொகையை 36 விழுக்காடு உயர்த்தலாம் என மத்திய தொழில் பழகுநர் மன்றம் 2025-இல் பரிந்துரைத்தது. எனவே கையெழுத்திடும் நாளில் நடைமுறையிலுள்ள விகிதம் யாது என்பதைக் கேட்டறிந்துகொள்வது நலம்.

பெருந்தொற்றுக் காலத்தில் இத்தகைய பயிற்சியின் அருமையை நாடே உணர்ந்தது. கட்டிலுக்கருகே நிற்க ஆளின்றி மருத்துவமனைகள் திணறின. 2021 ஜூன் திங்களில் ஒரு லட்சம் பேரைப் பயிற்றுவிக்கும் நோக்குடன் மத்திய அரசு விரைவுப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியது. இல்லப் பராமரிப்பு, அவசரப் பராமரிப்பு, மாதிரி சேகரித்தல் முதலிய ஆறு பணிகளுக்குச் சில வார வகுப்புப் பாடமும், அதன்பின் மருத்துவமனைகளில் நேரடிப் பயிற்சியும் என அது அமைந்தது. வெள்ளம் வந்தபின் கரை கட்டும் முயற்சிதான். எனினும் கரை வேண்டும் என்பதை அது எல்லார்க்கும் உணர்த்தியது.

சட்டம் இருக்கிறது என்று சொல்லி நாம் அமைதி கொள்ளலாமா? இயலாது. அச்சட்டத்தின்படி தொழில் பழகுநர் கற்பவரேயன்றித் தொழிலாளர் அல்லர். தொழிலாளர்க்குரிய பல பாதுகாப்புகள் அவருக்கு இல்லை. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நேர்மையற்ற நிர்வாகம் ஒன்று, ஓராண்டு ஒருவரை மலிவாக வேலை வாங்கி, ஆண்டு முடிவில் அனுப்பிவிட்டு, அடுத்தவரை அதே கட்டிலருகே நிறுத்தலாம். ஆகவே பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ இத்தகைய பயிற்சிக்குச் செல்லுமுன் சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்.

முதலாவது, எழுத்து வடிவில் ஒப்பந்தம் உண்டா? சட்டப்படி அது கட்டாயம். பிள்ளை வயதுவராதவராயின் பெற்றோரோ காப்பாளரோ கையொப்பமிட வேண்டும். ஒப்பந்தம் அரசிடம் பதிவு செய்யப்பட்டதா என்பதைக் கேட்டு, நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உதவித்தொகை பிள்ளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் வந்து சேருமா? முன்பணம் கேட்கிறார்களா? மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்கிறார்களா? அவ்வாறாயின் அங்கே கற்பிப்பதைவிடக் கட்டிப் போடுவதிலேயே நாட்டம் அதிகம் என்று அறிந்துகொள்க.

மூன்றாவது, கற்பிப்பவர் யார்? பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் பொறுப்பேற்று, பாடத்திட்டத்தைக் கையில் வைத்து, குறித்த நேரத்தில் கற்பிக்கிறாரா? "வேலை செய்யச் செய்யத் தானே வரும்" என்பது விடையானால், அங்கே பள்ளி இல்லை.

நான்காவது, கற்காத வேலையில் பிள்ளையைத் தனியே நிறுத்துகிறார்களா? இரவில் ஒரு வார்டு முழுவதையும் பயிற்சியாளர் ஒருவரிடம் ஒப்படைப்பதும், ஊசி போடச் சொல்வதும் பெருங்குற்றம். மிகைநேர வேலைக்கும் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு.

ஐந்தாவது, உடற்காப்பு யாது? மஞ்சட்காமாலை பி வகைக்கும் இரணஜன்னிக்கும் தடுப்பூசி போட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் கழிவு விதிகளே கூறுகின்றன. முதல் நாளிலேயே இதைக் கேளுங்கள். பணியிடத்தில் காயம் நேர்ந்தால் இழப்பீடு பெறத் தொழில் பழகுநருக்கு உரிமை உண்டு என்பதையும் மறவாதீர்கள்.

ஆறாவது, முடிவில் கிடைக்கும் சான்றிதழ் எதற்கு உதவும்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உதவியாளர் பயிற்சி பெற்றவர் செவிலியர் ஆகிவிட மாட்டார். செவிலியராக வேண்டுமாயின், அங்கீகாரம் பெற்ற பள்ளியிலோ கல்லூரியிலோ துணைச் செவிலியர் படிப்பு இரண்டாண்டோ, பட்டயப் படிப்பு மூன்றாண்டோ, பட்டப் படிப்பு நான்காண்டோ பயின்று, செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தல் வேண்டும். நம் மாநிலத்தில் இப்பதிவுக்கு அடிப்படையான சட்டம் 1926-இலேயே இயற்றப்பட்டது. "ஆறே மாதத்தில் நர்சு ஆகலாம்" என்று சுவரொட்டி ஒட்டுபவர் எவராயினும் அவர் சொல்வது பொய்.

மருத்துவமனைகளை நடத்துவோரிடமும் நாம் ஒரு சொல் கூற விரும்புகிறோம். அவர்களுள் நம் திருச்சபை நிறுவனங்களும் அடங்கும் என்பதால், உரிமையோடு கூறுகிறோம். நோயாளிப் பணி தொண்டுதான். ஆயினும் தொண்டு செய்யும் உள்ளம் கற்பவரிடம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாம், அதனைக் காரணம் காட்டி அவருடைய ஊதியத்தைக் குறைக்க உரிமை பெற்றவர்களல்லோம். துறவறம் பூண்டவர் தம் வாழ்வைக் காணிக்கையாக்குவது அவரது விருப்பம். வீட்டில் அடுப்பெரிக்க வேண்டிய பெண்ணிடம் அதே காணிக்கையைக் கேட்பது முறையன்று. உதவித்தொகையைத் தவறாமல் கொடுங்கள். வாரத்தில் சில மணி நேரத்தையேனும் வேலையிலிருந்து விடுவித்துப் பாடத்திற்கு ஒதுக்குங்கள். கற்பிக்கும் செவிலியருக்கு அதற்கென நேரம் கொடுங்கள். தம் வேலையோடு சேர்த்துக் கற்பிக்கவும் வேண்டும் என்றால், எத்துணை நல்ல செவிலியரும் சோர்ந்து போவார். திறமையுள்ள உதவியாளரைக் கண்டால், அவர் மேற்படிப்புக்குச் செல்லவும் துணை நில்லுங்கள்.

இறுதியாக, நம் இல்லங்களில் ஊறிக் கிடக்கும் ஓர் எண்ணத்தையும் களைய வேண்டும். பிறர் மலசலத்தை எடுக்கும் வேலைக்கா என் பிள்ளை போக வேண்டும் என்று கூசும் பெற்றோர் உண்டு. அதே பெற்றோர் முதுமையில் படுக்கையில் விழும்போது, கூசாத ஒரு கையைத்தான் தேடுவார்கள். அப்பணியை இழிவென்று ஒதுக்கியதனால்தான் அதற்குக் கல்வியும் வேண்டா, கூலியும் குறைவாய்ப் போதும் என்று சமுதாயம் இதுகாறும் எண்ணி வந்தது. பெண்ணுக்கே உரிய வேலை என்று ஒதுக்குவதும் பொருந்தாது. கனத்த உடலைத் தூக்கிப் புரட்டுவதற்கும், ஆண் நோயாளியைக் குளிப்பாட்டுவதற்கும் பயிற்சி பெற்ற ஆடவர் மிகுதியும் தேவைப்படுகின்றனர்.

அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது, படுக்கையை விரிக்கும் அந்த இளம் பெண்ணை நோக்கி, "உன் பெயர் என்னம்மா? யார் உனக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள்? மாதாமாதம் உதவித்தொகை வருகிறதா?" என்று கேட்போமாக. அவள் கற்கிறாளா, பசியின்றிக் கற்கிறாளா என்பது அவளுக்கு மட்டும் உரிய கவலையன்று. அக்கட்டிலில் படுத்திருப்பவர் நம்மவர்.